வெட்டிவேருக்கு இரட்டைச் சம்பளமா?

வெட்டிவேர் சாகுபடிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இரண்டு வாக்குறுதிகளை ஒரே மூச்சில் தருகிறார்கள்: வேரை விற்றால் பணம், வேர் ஓடிய நிலத்தில் மண் அரிப்பு இல்லை. புதுக்கோட்டையின் சரளை மண்ணில் மானாவாரிக் கடலையும் தைல மரமும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும். இரண்டும் தனித்தனியே உண்மை. ஒரே கொல்லையில் இரண்டும் எப்படி நடக்கும் என்பதுதான் என் நெடுநாள் கேள்வி.

புல்லின் தகுதியில் சந்தேகமில்லை. நம் மண்ணுக்கே உரிய பல்லாண்டுப் புல். தென்னிந்திய வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை, ஆகவே களையாகப் பரவும் என்ற பயமும் வேண்டாம். வறட்சி தாங்கும், சில நாள் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. 1980களில் உலக வங்கியின் கிரீன்ஃபீல்டும் கிரிம்ஷாவும் இந்தியாவில் இதை மண் காக்கும் உயிர்வேலியாகப் பரப்பினார்கள். 1993இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டது.

ஆனால் அவர்கள் புகழ்ந்தது எந்த வெட்டிவேரை? சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், நாற்றுக்கு நாற்று 10, 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்ட ஒற்றை வரிசையை. தூரைப் பிரித்து, தாளை ஒரு சாணுக்கு நறுக்கி, மழை தொடங்கும்போது நட வேண்டும். பட்டுப்போன இடத்தில் மறுநாற்று வைக்க வேண்டும். ஓரிரு வருடத்தில் தூர்கள் ஒன்றோடொன்று முட்டி அடர்ந்துவிடும். ஓடிவரும் தண்ணீர் அங்கே தயங்கி வண்டலை இறக்கிவிட்டுப் போகும். வருடம் போகப் போக வரிசைக்குப் பின்னால் மண் ஏறி, நிலம் தானே படிக்கட்டாகும். மூன்று மீட்டர் ஆழம் போகும் வேர் என்கிறார்களே, அது இப்படித் தொந்தரவில்லாமல் நிற்கிற தூரின் வேர்.

விற்பனைக்கான வெட்டிவேர் வேறு கதை. இடைவெளி அதிகம். வருடம் திரும்பியதும், மிஞ்சினால் ஒன்றரை வருடத்தில், தூரோடு பெயர்த்து எடுத்துவிடுவார்கள். வேரைப் பிடுங்குவதுதான் அறுவடை. கடலூர் மாவட்டக் கடலோர மணலில் மண் பொலபொலவென்று உதிர்ந்து வேர் வந்துவிடும், நிலமும் சமதளம். அங்கே அந்தப் பயிரைக் குறை சொல்ல நான் யார்?

புதுக்கோட்டையின் செம்புறை மண்ணில் நிலைமை வேறு. பங்குனி, சித்திரையில் மண்வெட்டி தெறிக்கும். தண்ணீர் கட்டி இளக்க வேண்டும், இல்லையென்றால் பொக்லைன் வர வேண்டும். அது முழ ஆழத்துக்கு நிலத்தைக் குடைந்து, மேல்மண்ணையும் அடிச்சரளையையும் புரட்டிக் கலந்துவிட்டுப் போகும். அந்தத் தளர்ந்த மண்மீதுதான் ஆடியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை மழை விழும். சரி, ஈரம் இருக்கும்போதே எடுக்கலாமே என்றால் அது கார்த்திகை. வேர் சுலபமாக வரும், மண்ணும் கூடவே வரத்துவாரியில் இறங்கிக் கண்மாய்க்குள் போய்ச் சேரும். இதற்கு மண்காப்பு என்று பெயர் வைப்பது, கரையை வெட்டிக் கலிங்கைக் காப்பதாகச் சொல்வதுபோல.

‘ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுக்கலாம்’ என்று சமாதானம் சொல்வார்கள். ஏட்டில் சரி. விலை ஏறும் வருடத்தில் எந்தக் குத்தகைதாரர் மிச்ச வரிசையை விட்டுவைப்பார்? வேருக்கு விலை கிடைக்கிறவரை வேலிக்கு ஆயுள் கிடையாது. வேலியாக நின்ற புல்லின் சான்றிதழைக் காட்டி, பிடுங்கப்போகும் புல்லின் நாற்றை விற்கிறார்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். (நாலு மாடு வைத்திருப்பவருக்கு மானாவாரியில் கொழுக்கட்டைப் புல் இதைவிட உதவும். அதை அறுத்துத்தான் போடுவோம், வேரோடு பெயர்ப்பதில்லை. அதற்கு விளம்பரம் செய்யத்தான் ஆளில்லை.)

கண்மாய்க்கரையிலும் மேட்டுப் புஞ்சைச் சரிவிலும் வெட்டிவேரைத் தாராளமாக நடுங்கள். பொதுப்பணத்தில் மண்காப்புக்கென்று நட்ட வரிசையில் வேர் எடுக்கக் கூடாது என்று கிராம சபையில் முன்னதாகவே தீர்மானம் போட்டுவிடுங்கள். வேர் விற்கத்தான் ஆசை என்றால் சமதள மணற்பாங்கைத் தேடிக்கொள்ளுங்கள்.