புயவென்பின் புறத்தோற்றமும் கிறீன் வைத்தியரின் தமிழும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1872இல் வெளியிட்ட 'மனுஷ அங்காதிபாதம்' தமிழ் அறிவியல் உரைநடை வரலாற்றிலே தனக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டது. 1858இல் இலண்டனில் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல் பதினான்கு ஆண்டுகளுள் தமிழ் வடிவம் பெற்றமை சிறு செயலன்று. 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தவரின் துணிவை நாமும் போற்றுகின்றோம். ஆயின் அந்நூல் யாருடைய மொழியில் உடலை விளக்கிற்று என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை என்பது எமது கருத்து.

அதே காலப்பகுதியிலேதான் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிலிருந்து தம்புள்ளை ஊடாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். வழியில் மடிந்தோர் பலர். கிறீனின் கலைச்சொற்கள் அவர்தம் வாய்ச்சொற்களிலிருந்து பிறந்தவையல்ல. 'மனுஷ', 'அங்காதிபாதம்' என்னும் தலைப்புச் சொற்களே அவர் கைக்கொண்ட வடமொழி நெறியைக் காட்டப் போதுமானவை. பின்னர் இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்ற 'புயவென்பு' வடமொழிச் சார்பை முழுதும் விடாமலே, குறளில் வழங்கும் 'என்பு' என்ற சொல்லை மீட்டெடுத்தது. அதுவும் தோட்டத்து லயத்தைச் சென்றடையவில்லை.

உடற்கூற்றின் ஏனைய பகுதிகளில் இவ்விடைவெளி பெருந்தீங்கு செய்யாது என வாதிடலாம். புறத்தோற்ற உடற்கூறு அத்தகையதன்று. நோயாளி சுட்டும் இடமும் வைத்தியர் தொட்டறியும் இடமும் ஒன்றாதல் வேண்டும். புயவென்பு பெரும்பாலும் தசையால் மூடப்பட்டது. தோளின் புறத்தே அதன் பெருமுண்டினைத் தசையினூடாக அழுத்தி உணரலாம். முழங்கையின் இருபுறமுமுள்ள முண்டுகளோ தோலுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கின்றன. கையை நீட்டுகையில் இவ்விரு முண்டுகளும் முழங்கை நுனியும் ஒரே கோட்டில் நிற்கும், மடக்கினால் முக்கோணமாகும். முண்டுகளுக்கு மேலே என்பு முறிந்தால் இவ்வமைவு குலையாது. மூட்டு பின்புறமாக விலகினாற் குலையும். ஊடுகதிர்ப் படத்துக்கு முன்னரே விரல்கள் கூறும் செய்தி இது.

எல்கடுவை, இரத்தோட்டைச் சரிவுகளிலே கொழுந்துக் கூடையுடன் வழுக்கிக் கையூன்றி விழும் பெண்ணொருத்தியை எண்ணுவோம். என்பின் நடுத்தண்டு முறிந்தால், அதன் பின்புறத்தை ஒட்டிச் செல்லும் ஆரை நரம்பு பழுதுபட்டு மணிக்கட்டு தொங்கிவிடக்கூடும். தோளையொட்டிய கழுத்துப் பகுதி முறிந்தால், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் தசைக்குரிய நரம்பு ஊறுபடக்கூடும். இரண்டையுமே அவள் "கை வெளங்கல்லைங்க" என்ற ஒரே தொடராற் கூறுவாள். அத்தொடர் குறைபாடுடையதன்று, வலியால் அசைக்க இயலாமையையும் நரம்பு செயலற்றமையையும் பிரித்தறியும் அடுத்த கேள்வியை அவள் மொழியிலே கேட்பார் இல்லாமையே குறை. இலங்கையில் வைத்தியக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. தமிழறியாத வைத்தியருக்கும் அவளுக்கும் இடையே பெரும்பாலும் சிற்றூழியர் ஒருவரே மொழிபெயர்த்து நிற்பார். "மணிக்கட்ட மேல தூக்குங்க, பெருவிரல நீட்டுங்க" என்னும் இரு கட்டளைகள் ஆரை நரம்பைச் சோதித்துவிடும். இவற்றை எந்தக் கலைச்சொல் அகராதியிலும் தேடவேண்டியதில்லை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைகளுக்கு அவை முன்னரே தெரிந்த சொற்கள்.