கண்ணுக்குப் பயிற்சி தந்தால் படிப்பு வருமா?

வில்லாபுரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிறுவன் இருக்கிறான். ஆறாம் வகுப்பு மாணவன். மனக்கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைப் படித்து முடிக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். முடித்தபின், "என்ன படித்தாய்?" என்று கேட்டால் விழிப்பான்.

சென்ற ஆண்டு அவனுடைய தாயார் ஒரு கண் பயிற்சி நிலையத்தின் துண்டுப் பிரசுரத்தோடு என்னிடம் வந்தார். "ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யலையாம் சார். பயிற்சி குடுத்தா, படிக்கிறதெல்லாம் மண்டைல ஏறுமாம். நீங்க பிசிக்ஸ் வாத்தியாரு, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நானும் அந்த நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். மணி கோத்த நூல், முப்பட்டகங்கள், குவிலென்சையும் குழிலென்சையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் கைப்பிடி ஆகியவை இருந்தன. எல்லாம் நான் வகுப்பில் கற்பிக்கும் ஒளியியலே. ஒரு பிழையும் தென்படவில்லை. "சரியாகத்தான் இருக்கிறது, சேருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். நான்கு மாதங்கள் சென்றன. சிறுவனின் வாசிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் எங்கே தவறினேன்? படித்தவர்கள் பலரும் தவறக்கூடிய இடம் அது. ஆகவே அதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வாதத்தின் மூன்று படிகள்

இத்தகைய பயிற்சிக்காகச் சொல்லப்படும் வாதத்தில் மூன்று படிகள் உள்ளன. ஒன்று: படிப்பதற்கு இரு கண்களும் ஒரே எழுத்தின்மேல் குவிய வேண்டும், பல குழந்தைகளுக்கு இத்திறன் குறைவு. இரண்டு: பயிற்சியால் இத்திறனைக் கூட்டலாம். மூன்று: ஆகவே, பயிற்சி பெற்ற குழந்தை பொருள் உணர்ந்து படிக்கும். ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதிப்போம்.

முதற்படி

நம் இரு கண்மணிகளுக்கும் இடையே ஏறக்குறைய 6 செ.மீ. தொலைவு உள்ளது. 6 மீட்டருக்கு அப்பாலுள்ள கரும்பலகையைப் பார்க்கும்போது கண்கள் அநேகமாக இணையாகவே நிற்கின்றன; இரு பார்வைக் கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம் அரைப் பாகையைச் சற்றே தாண்டும். புத்தகத்தை 30 செ.மீ. தொலைவில் பிடித்தாலோ, அக்கோணம் 11 பாகைக்கு மேல் போய்விடுகிறது. அதே சமயம் கண்லென்சு தன் திறனை 3 டையாப்டருக்குச் சற்று மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். படிக்கும் நேரம் முழுவதும் கண் தசைகள் இவ்விரு வேலைகளையும் இடைவிடாமல் செய்கின்றன.

வாசகர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நூலில் இரண்டு சட்டைப் பொத்தான்களைக் கோத்து, ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு அருகிலுள்ள பொத்தானைப் பாருங்கள். தொலைவிலுள்ள பொத்தான் இரண்டாகத் தோன்றும். நூலும் இரண்டாகி, நீங்கள் பார்க்கும் பொத்தானில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். கண்கள் சரியாகக் குவிகின்றன என்பதற்கு இது அடையாளம். அருகிலுள்ள பொத்தானே இரண்டாகத் தெரிந்தால், குவிப்பு போதவில்லை என்று பொருள்.

இக்குறை அரியதா என்றால், இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு நகரங்களிலும் கிராமங்களிலும் 7 முதல் 17 வயது வரையுள்ள 920 குழந்தைகளைச் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். கண்களின் குவிப்புக் குறை நகரத்தில் 16.5 விழுக்காட்டினருக்கும் கிராமத்தில் 17.6 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அதாவது ஆறு குழந்தைகளில் ஒன்றுக்கு என்று சொல்லலாம். இவர்களில் பலர் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். அட்டை தொலைவில் இருக்கிறது. குறையோ அருகில் பார்ப்பதில் இருக்கிறது. ஆகவே முதற்படி உண்மை.

இரண்டாம் படி

இதுவும் உண்மையே. அமெரிக்காவில் குவிப்புக் குறை உள்ள 221 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 12 வாரங்கள் சிகிச்சை அளித்த ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஒரு குழு வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பயிற்சி பெற்று, வீட்டிலும் பயின்றது. மற்றொரு குழு வீட்டில் பென்சில் நுனியைப் பார்த்தபடி அதை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தது. வேறொரு குழுவுக்குத் தரப்பட்டது வெறும் போலிப் பயிற்சி. பார்வைக்கு உண்மையானது போலவே இருக்கும், குவிப்பை வளர்க்காது. எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தனர்.

நிலையத்தில் பயிற்சி பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் குணமாயினர் அல்லது தேறினர். பென்சில் பயிற்சியில் இது 43 விழுக்காடு. போலிப் பயிற்சியில் 35 விழுக்காடு. ஆகவே நிலையப் பயிற்சி கண்ணின் குவிப்பைச் சீராக்குகிறது என்பதில் ஐயமில்லை. போலிப் பயிற்சியிலும் மூன்றில் ஒருவர் தேறினார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி

நான் வழுக்கியது இங்கேதான். முதல் இரண்டும் உண்மையாதலால் மூன்றாவதும் உண்மை என்று எண்ணிவிட்டேன். அது சோதித்துப் பார்க்க வேண்டிய தனிக் கூற்று.

அதையும் சோதித்திருக்கிறார்கள். குவிப்புக் குறை உள்ள 9 முதல் 14 வயது வரையிலான 311 அமெரிக்கக் குழந்தைகளுக்கு 16 வாரங்கள் பயிற்சி தரப்பட்டது. சிலருக்கு மெய்ப் பயிற்சி, சிலருக்குப் போலிப் பயிற்சி. இம்முறை அளந்தது படித்துப் பொருள் உணரும் திறனை. 2019இல் முடிவு வெளியாயிற்று. மெய்ப் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 3.7 கூடியிருந்தது. போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கோ 3.8 கூடியிருந்தது!

மெய்ப் பயிற்சி பெற்ற குழுவின் கண்கள் முன்னைவிட நன்றாகவே குவிந்தன. ஆயினும் அதனால் வாசிப்பில் தனிப் பயன் ஏதும் விளையவில்லை. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2009இல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் ஒரு கூட்டறிக்கை விட்டிருந்தனர். கற்றல் குறைபாட்டுக்குக் கண் பயிற்சியையோ வண்ணக் கண்ணாடியையோ பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் சாரம்.

"அமெரிக்கப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்ததைக் கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு முடிவு சொல்லலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், பயன் உண்டு என்று சொல்லிக் கட்டணம் வாங்குபவரே அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். "இல்லை என்று மெய்ப்பித்துக் காட்டு" எனப் பெற்றோரிடம் கேட்பது முறையாகாது.

"என் பிள்ளை தேறினானே!"

இப்பயிற்சியால் தம் பிள்ளை தேறியதாக மனமாரச் சொல்லும் பெற்றோரும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 3.8 என்ற எண்ணை மீண்டும் பாருங்கள். பயனற்ற பயிற்சியைச் செய்த குழந்தைகளும் முன்னேறினார்கள். பல மாதங்கள் ஒரு பெரியவர் தன் எதிரில் உட்கார்ந்து கவனிப்பது ஒரு குழந்தைக்குச் சிறிய விஷயமன்று. பள்ளிப் பாடமும் அம்மாதங்களில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரே வகைத் தேர்வை இரண்டாம் முறை எழுதும்போது பழக்கம் கைகொடுக்கிறது. மேலும், மதிப்பெண் மிகவும் தாழ்ந்த வேளையில்தான் பெற்றோர் உதவி தேடி ஓடுகிறார்கள். அதன்பின் அது தானாகவே சற்று மேலே வருவது இயல்பு. ஒப்பிட இரண்டாவது குழு இல்லாவிட்டால், இவற்றின் பெருமை முழுவதும் பயிற்சியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

படிப்பது கண்ணா, மூளையா?

1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பார்வை நன்றாக இருந்தும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். இலக்கங்களைப் பார்த்த அதே கண்கள்தாம் எழுத்துகளையும் பார்த்தன. கண் கோளாறாக இருந்தால் இரண்டிலும் தடுமாறியிருக்க வேண்டுமல்லவா? எங்கள் தெருச் சிறுவனின் கணக்குத் திறமையைப் பார்த்த அன்றே இக்கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1970களில் பிராங்க் வெல்லுட்டினோ என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு வகையில் சோதித்தார். ஆங்கிலம் படிக்கத் திணறும் குழந்தைகளுக்கு, அவர்கள் அறியாத எபிரேய எழுத்துகளைக் காட்டி, பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். நன்றாகப் படிக்கும் குழந்தைகளுக்கு இணையாகவே அவர்களும் எழுதினர். உருவத்தைக் காண்பதில் அவர்களுக்குக் குறை இல்லை. எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான் சிக்கல்.

1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் இதை ஒரு சூத்திரமாகவே தந்தனர். படித்துணர்தல் என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகை. கூட்டுத்தொகை அன்று, பெருக்குத்தொகை என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு பெரிதாயினும் விடை பூச்சியமே.

தமிழுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 247 எழுத்துகளில் பல, துணைக்குறிகளால் ஆனவை. 'கெ' என்பதில் ஒலிப்பில் பின்னால் வரும் உயிரின் குறி, எழுத்தில் முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் அது இருபுறமும் நிற்கிறது. இவை தானாக வரும் வரை பயிலாத குழந்தைக்கு முதற்காரணி குறைவு. "அவிங்க வந்தாய்ங்க" என்று பேசி வளரும் மதுரைக் குழந்தைக்கு, பாடநூலின் "அவர்கள் வந்தனர்" பாதி அயல்மொழி. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் குழந்தைக்கு அது இன்னும் தொலைவு. அங்கே இரண்டாம் காரணி குறைவு. இவ்விரண்டில் எதையும் முப்பட்டகம் சரிசெய்யாது.

என்ன செய்யலாம்?

கண்ணைச் சோதிக்கவே வேண்டாம் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட ஊர் நம் மதுரை. இங்கே ஒரு குழந்தையின் கண் சோதிக்கப்படாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை. தூரப்பார்வைக் குறையும் குவிப்புக் குறையும் எழுத்து அட்டையில் பிடிபடாமல் போகலாம் என்பதால், அருகுப் பார்வையையும் சோதிக்கும்படி கேளுங்கள். கண்ணாடி தேவையென்றால் உடனே போடுங்கள். சீனாவில் 252 பள்ளிகளில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இலவசக் கண்ணாடி பெற்ற கிட்டப்பார்வைக் குழந்தைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. குவிப்புக் குறையால் தலைவலியோ இரட்டைத் தோற்றமோ இருந்தால், அதற்காகப் பயிற்சி பெறுவதும் தக்கதே. கண்ணின் குறைக்குக் கண் சிகிச்சை; அது சரி. படிப்பின் குறைக்கு அதுவே சிகிச்சை என்பதுதான் சரியன்று.

அடுத்து, செலவில்லாத ஒரு சோதனை. குழந்தைக்குப் புரியாத பாடத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டும் புரியவில்லை என்றால், அங்கே கண்ணைக் குறை சொல்ல இடமே இல்லை; சொல்வளத்தையும் மொழியையும் வளர்க்க வேண்டும். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால், கண்ணும் சோதிக்கப்பட்டுவிட்டது என்றால், எழுத்தைச் சொல்லாக்கும் பயிற்சி போதவில்லை. அதை ஆசிரியர்தான் தர வேண்டும். முறையாகக் கற்பித்தும் நீங்காவிட்டால், கற்றல் குறைபாடு உள்ளதா என்று தக்க வல்லுநரிடம் அறிய வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அந்தச் சிறுவனுக்கு நான் பாடத்தைப் படித்துக் காட்டினேன். கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் விடை சொன்னான். தானே படித்தபோது 'நெ', 'நே' வரும் இடங்களிலும் நீண்ட கூட்டுச் சொற்களிலும் நின்று நின்று போனான். இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சீட்டுப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிட்டிருக்க வேண்டும். அதை அவன் தாயாரிடமும் சொன்னேன். இப்போது ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் மாலையில் எழுத்துக் கூட்டிப் படித்து வருகிறான். ஒரு பத்திக்கு ஐந்து நிமிடம் ஆகிறது; படித்ததைச் சொல்லவும் சொல்கிறான்.

இதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். இவன் ஒரே ஒரு சிறுவன். ஒப்பிட இன்னொரு குழு இல்லை. யாராவது ஒரு பயிற்சியை உங்களிடம் புகழ்ந்தால், "இது பெறாத குழந்தைகள் எப்படித் தேறினார்கள்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை பணத்தைக் கட்டாதீர்கள்.