அம்மாவுக்கு வாய்த்த வாத்தியார்

அம்பாசமுத்திரத்தில் எழுபது வயது வரை அம்மாவுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. விடிந்ததும் தாமிரபரணிக்கு நடப்பாள். படியிறங்கி, துவைத்து, முங்கிக் குளித்து, ஊர்க்கதை பேசித் திரும்புவாள். முட்டுவலி வந்ததும் ஆற்றுக்குப் போவது நின்றது. கைகால் அசைவும் பேச்சும் கூடவே சுருங்கின. டாக்டர் சொன்ன பயிற்சியை ஞாபகப்படுத்தினால், "பொறவு பாப்பம்ளா" என்பாள். மூன்றாம் தடவை என் குரல் உயரும், சண்டையில் முடியும்.

2015-இல் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனோம். பக்கத்து முதியோர் மையத்தில்தான் அந்த அற்புதத்தைப் பார்த்தேன். ரோபோகோச்! நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உருவானது. இரண்டு உலோகக் கைகள், முகமிருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. அது கையைத் தூக்க, எதிரே நாற்காலியில் இருந்த தாத்தா பாட்டிகளெல்லாம் தூக்குகிறார்கள். சரியாகச் செய்கிறார்களா என்று சென்சார் வழியே கவனிக்கிறது.

அம்மாவும் அவர்களோடு சேர்ந்து தூக்கினாள். இடது கை முதலில் பாதியிலேயே நின்றது. மறுபடி தூக்கினாள். மறுபடியும். என் கெஞ்சலுக்கெல்லாம் தோளைத் தாண்டாத கை, ஐந்தாம் தடவை காதை உரசிக்கொண்டு மேலே போனது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ரோபோ தமிழ் பேசவில்லை. அந்தக் கையைப் பார்த்தே இந்தக் கை போனது.

"ஏளா, நாலு தடவ தப்பாப் பண்ணுனேன், அது மொகம் சுளிக்கவே இல்லல்லா!" வீடு சேரும்வரை இதே பேச்சு.

சூட்சுமம் அதுதான். நாலாம் தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லித் தருகிற பொறுமை, பெற்ற பிள்ளைக்குக்கூட வாய்ப்பதில்லை.

2022-இல் நியூயார்க் மாநிலம் 800-க்கும் அதிகமான முதியவர்களுக்கு 'எல்லிக்யூ' என்ற மேசை ரோபோவைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. நாம் கூப்பிடக் காத்திராமல் தானே பேச்சைத் தொடங்குமாம். தண்ணீர் குடிக்க, நடக்க, மாத்திரை போட நினைவூட்டுமாம். படித்ததும் துள்ளினேன். அம்மாவை அன்றைக்குக் காலையில் எழுப்பிக் கூப்பிட ஒரு ஆறு இருந்தது. இன்றைக்குக் கூப்பிட ஒரு குரல் வேண்டும்!

பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நம் நெல்லைத் தெருக்களில், "ஆச்சி, எந்திரிங்க, கையத் தூக்குங்க" என்று நம் பேச்சிலேயே அது கூப்பிட வேண்டும். அதுவரை நானே திண்ணையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, குரல் உயராமல் கை தூக்குகிறேன். அவளும் தூக்குகிறாள். நடுவில் ஒரு கேள்வி மட்டும் தினமும் வரும்:

"அது நம்ம ஊருக்கு என்னைக்குளா வரும்?"