யார் அழித்தது என்று கேட்காத விசாரணை

2017 ஜனவரி 31 இரவு. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், முரண்டுபிடித்த துணை டேட்டாபேஸ் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடியில் உறைத்தது: அழிந்துகொண்டிருந்தது முதன்மை சர்வர். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடினார்கள். அன்றாடம் பேக்கப் எடுக்கவேண்டிய நிரல், பதிப்பு பொருந்தாததால் பிழையோடு நின்றுபோயிருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யார் கைக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

மீட்புப் பணியை நிறுவனம் யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பின்னர் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளர் வெறும் ‘குழு உறுப்பினர் 1’. ‘ஏன், ஏன்’ என்று துருவிக்கொண்டே போன அந்த அறிக்கை போய் நின்ற இடம் முக்கியமானது: பேக்கப் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

ஆளைக் குறைசொல்லாமல் காரணத்தைத் தேடும் இந்த வழக்கத்துக்குப் பழிசுமத்தாத போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். இதை மென்பொருள் உலகில் பரவலாக்கியவர்களில் ஒருவர், எட்சி என்ற இணையச் சந்தை நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா. 2012இல் அவர் அதைப் பற்றி எழுதினார். தளத்தை எதிர்பாராத விதத்தில் கவிழ்த்த பொறியாளருக்கு ஆண்டுதோறும் மூன்று கை வைத்த ஸ்வெட்டர் தரும் வழக்கமும் எட்சியில் இருந்தது. தவறை ஒளிக்கத் தேவையில்லாத இடத்தில்தான் உண்மையான விவரம் கிடைக்கும். பழிசுமத்தாத போஸ்ட்மார்ட்டத்தின் பெரிய பலம் அதுதான்.

ஆனால் போஸ்ட்மார்ட்டம் படிவத்தை இறக்குமதி செய்வதுபோல் துணிச்சலை இறக்குமதி செய்ய முடியாது. கிளையண்ட் கேட்கிறார் என்பதற்காக ‘ஆர்சிஏ’ (மூலகாரண ஆய்வு) எழுதும் இடங்களில் காரணம் ‘மனிதத் தவறு’, தீர்வு ‘பயிற்சி’ என்று இரண்டு வரியில் வேலை முடிந்துவிடுகிறது. ஒப்புக்கொண்ட தவறு அப்ரைசலில் எதிரொலிக்கும் என்று தெரிந்தவர் வேறென்ன எழுதுவார்?

போஸ்ட்மார்ட்டம் வழக்கத்திலேயே ஒரு குறையும் உண்டு. ஸ்கிரிப்டையும் கட்டளையையும் நுணுக்கமாக ஆராயும் கூட்டங்கள், நெருக்கடியான டெட்லைனை யார் வைத்தார், ஆட்களை யார் குறைத்தார் என்ற கேள்விகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பழியில்லை என்ற சலுகை அப்போது கீழிருப்பவரைவிட மேலிருப்பவரையே அதிகம் காப்பாற்றுகிறது. ஆனால் பழி வேறு, பொறுப்பு வேறு என்பதில் கிட்லேப் தெளிவாகவே இருந்தது. அறிக்கையின் முடிவில் தந்த, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில், தரவு அழியாமல் காக்க ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும் இடம்பெற்றிருந்தது.