சீன ஊசி வைத்தியமும் செதில்படையும்

நோயுற்ற ஒருவர், “எனக்குக் குணமாயிற்று” என்று கூறும்பொழுது அதனை ஐயுறுபவன் கல்நெஞ்சன் போலத் தோன்றுவான். ஆயினும் ஐயுற்றுப் பார்க்க வேண்டிய சமயங்கள் உண்டு. சீன ஊசி வைத்தியம் நாட்பட்ட தோல் நோயைத் தீர்க்குமா என்ற கேள்வி எங்கள் ராசா வட்டாரத்துத் தோட்டங்களில் அவ்வப்போது எழுவது. ஊசியை நாடிப் போகிறவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை அங்கே வைத்துவிட்டு வருகிறார். சிலர் டாக்டர் கொடுத்த மருந்தையும் கைவிட்டு விடுகிறார்கள். ஆகவே இவ்வைத்தியத்தை முறைப்படி சோதித்தவர்கள் கண்டது என்ன, அவர்களுடைய சோதனையிலேயே குறைகள் உண்டா என்று ஆராய்வது வீண் வேலை ஆகாது.

இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையார்; செம்பனைக் குலை வெட்டுபவர். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் அவருக்கு இருபது ஆண்டுகளாகப் படை. டாக்டர்கள் அதைச் சொரியாசிஸ் என்பர். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பர். வெள்ளைச் செதில் உதிர்வதால் செதில்படை என்பதும் பொருத்தமான பெயரே. அது தொற்றுநோய் அன்று. இருந்தும் விருந்து வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். பட்டணத்துச் சின்சே ஒருவரிடம் அவர் பத்துமுறை ஊசி குத்திக்கொண்டார். படை மங்கிற்று. “ஐயா, இனிமேல் கிளினிக் மருந்தை விட்டுவிடலாமா?” என்று கேட்டார். நான் டாக்டர் அல்லேன். ஆயினும் சோதனை என்பது எப்படி நடத்தப்பட வேண்டும், புள்ளி எப்படி இடப்பட வேண்டும் என்பது எங்கள் தொழிலைச் சேர்ந்த காரியம். அந்த உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஊசி வைத்தியத்தின் கொள்கை பழமையானது. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் சீன மருத்துவ நூல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒன்பது வகை ஊசிகளைப் பற்றிப் பேசுகிறது. உடலில் ‘சீ’ என்னும் உயிர்விசை சில தடங்களில் ஓடுகிறது. தடை ஏற்பட்டால் நோய். தடத்தின்மேல் உரிய புள்ளியில் ஊசியை இறக்கினால் தடை நீங்கும் என்பது அதன் சாரம். இன்று உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட புள்ளிகள் 361. தோல் நோய்க்கென்று அடிக்கடி எடுத்துக்கொள்பவை இரண்டு: முழங்கை மடிப்பின் வெளிக்கோடியில் ‘கூச்சீ’ என்ற புள்ளி, முழங்காலுக்குச் சற்று மேலே ‘இரத்தக் கடல்’ என்று பொருள்படும் புள்ளி. இவ்வைத்தியத்தில் எல்லாம் புள்ளியைப் பொறுத்ததே என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஊசிக்குச் சாதகமான சாட்சியைப் பார்ப்போம். 1992-ஆம் ஆண்டில் லியாவ் என்ற குடும்பப் பெயருடைய இருவர் ஒரு குறிப்பு வெளியிட்டனர். மேனாட்டு மருந்துக்கு அடங்காத செதில்படைக்காரர் 61 பேர். நோய் சராசரி 16 ஆண்டு பழையது. ஊசி சராசரி 9 முறை. 30 பேருக்குப் படை முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ மறைந்தது; 14 பேருக்கு மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது; 9 பேருக்கு மாத்திரமே பயன் இல்லை, அல்லது மிகச் சொற்பம். படித்தவுடன் யாருக்கும் நம்பத் தோன்றும். நம் குலை வெட்டுபவரின் கதையும் இந்தக் குறிப்பில் அடங்கிவிடும்.

ஆனால் இக்குறிப்பில் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் இல்லை. ஊசி குத்தாமல் இருந்திருந்தால் அந்த 61 பேரும் எப்படி இருந்திருப்பர்? அதற்கு விடை இல்லை. செதில்படை ஏறி இறங்கும் நோய். சில மாதம் கனன்று, சில மாதம் தானே தணியும். நோயாளி வைத்தியரைத் தேடிப் புறப்படுவது எப்பொழுது? நோய் உச்சத்தில் இருக்கும்பொழுது. உச்சத்திற்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கமே. அந்த இறக்கத்தின் புகழ் அப்போது கையில் ஊசி வைத்திருந்தவருக்குப் போய்ச் சேர்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். நான்காம் ஆண்டு வகுப்பில் கணிதச் சோதனை வைத்து, மிகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பேரைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுசோதனை வையுங்கள். தனிப்பாடம் ஒன்றும் நடத்தாமலேயே அந்தப் பத்துப் பேரில் பலர் சற்று மேலேறியிருப்பார்கள். முதல் சோதனையன்று ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றொருவன் வீட்டில் சண்டை, இன்னொருவன் பக்கத்தைப் புரட்ட மறந்தான். இடையில் ஒவ்வொருவன் கையிலும் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்திருந்தால், எலுமிச்சம்பழம் கணிதம் கற்றுத் தரும் என்று நாம் கட்டுரை எழுதலாம்! இவ்வாறு கடைக்கோடியில் இருப்பவை மறுமுறை நடுவை நோக்கி நகர்வதை, பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து பார்த்து 1886-இல் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் எழுதினார். ஆசிரியப் பயிற்சியில் புள்ளியியல் படித்தவர்களும் தம் பள்ளியின் தேர்ச்சி அறிக்கையை எழுதும்போது இதை மறந்துவிடுவது வேறு கதை.

இனி எதிர்ச் சாட்சி. 1997-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஜெர்னர், ஸ்கோக், வால்குவிஸ்ட் மூவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நெடுநாள் செதில்படை உள்ள 56 பேரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறுக்குத் தசையில் ஆழ்ந்த ஊசியும் அதில் மெல்லிய மின்னோட்டமும், காதிலும் ஊசி. மற்றக் கூறுக்குப் பெயருக்குக் குத்தும் பொய்யூசி. வாரம் இருமுறை, பத்து வாரம். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. பின்னர் அவர்களையே கேட்டுப் பார்த்ததில் அந்த மறைப்பு நன்றாகவே காக்கப்பட்டிருந்தது. தேர்வுத் தாளில் மாணவன் பெயர் இருந்தால் திருத்துபவர் கை சற்று இளகும் அல்லது இறுகும். ஆகையால்தான் பெயரை மறைத்து எண் இடுகிறோம். அதே நியாயம் இங்கும்.

படையின் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு 0 முதல் 72 வரை புள்ளியிடும் அளவுகோல் ஒன்று உண்டு. புள்ளி குறைந்தால் நோய் குறைந்தது. மெய்யூசிக் கூறின் சராசரி 9.6-இலிருந்து 8.3-க்கு இறங்கியது. பொய்யூசிக் கூறின் சராசரி 9.2-இலிருந்து 6.9-க்கு இறங்கியது. அதாவது பொய்யூசிக்காரர் ஒரு பிடி கூடுதலாகவே தேறினர்! அந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியது என்று ஆய்வாளர்களே கூறிவிட்டார்கள். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இரு கூறுக்கும் வேற்றுமை இல்லை. இருவரும் தேறினர் என்பதுதான் கவனிக்கத்தக்கது. பொய்யூசி குத்திக்கொண்ட ஒருவர் எழுந்து நின்று, “எனக்குக் குணமாயிற்று” என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார்.

இந்தச் சோதனையை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. அதில் இரண்டு குறைகள் எனக்குத் தென்படுகின்றன. ஊசியே இல்லாத மூன்றாம் கூறு ஒன்று இல்லை. ஆகையால் இருவரும் தேறியது நோயின் இயல்பான இறக்கமா, கவனிப்பின் பயனா என்று பிரித்தறிய முடியாது. இரண்டாவது, பொய்யூசியும் ஊசிதானே? தோலில் எங்கே குத்தினாலும் உடல் ஏதோ ஒருவகையில் மறுமொழி சொல்லும் என்று சின்சேக்கள் வாதிடலாம். இதை உணர்ந்தே 1998-இல் ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர், கிளைன்ஹென்ஸ் என்பவர்கள் கூர்மையற்ற போலி ஊசி ஒன்றை அறிவித்தார்கள். அழுத்தினால் ஊசி தன் பிடிக்குள்ளேயே நழுவிப் போகும். நோயாளிக்குக் குத்தியது போலவே இருக்கும். திருவிழா நாடகத்தில் கட்டியங்காரன் நெஞ்சில் பாயும் கத்தியைப் போல.

இருந்தாலும் சின்சேக்களின் அவ்வாதம் அவர்களையே காயப்படுத்தும். எங்கே குத்தினாலும் பயன் ஒன்றே என்றால் 361 புள்ளிகளும் அவற்றை இணைக்கும் தடங்களும் எதற்கு? பல்லாண்டு பயின்று புள்ளியைக் கண்டறிந்ததற்காகத்தானே நாம் கட்டணம் கொடுக்கிறோம்? ‘ஒவ்வொரு நோயாளிக்கும் நாடி பார்த்துத் தனித்தனியே புள்ளி தெரிந்தெடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் பலிக்காது’ என்ற மறுப்பு இதைவிட வலுவுடையது. ஆயினும் அதையும் சோதிக்கலாமே. வைத்தியர் தாம் விரும்பியபடி புள்ளியைக் குறித்துக் கொடுக்கட்டும். பாதிப் பேருக்கு அதன்படியும் மீதிப் பேருக்கு வேறிடத்திலும் இன்னொருவர் குத்தட்டும். சோதிக்க முடியாதது என்று ஒதுங்க வழி இல்லை.

மூன்று கூறும் அமைந்த சோதனை ஒன்று பின்னால் சீனாவிலேயே நடந்தது. நோய் மட்டும் வேறு. நாம் காணாக்கடி என்று சொல்லும் தடிப்பு சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. அத்தகைய 330 பேரை மூன்றாகப் பிரித்து மெய்யூசி, போலி ஊசி, வெறுங்காத்திருப்பு என்று நான்கு வாரம் நடத்தினர். முடிவு 2023-இல் வெளிவந்தது. அரிப்பையும் தடிப்பையும் ஏழு நாள் கூட்டி 42 வரை இடும் புள்ளியில், காத்திருந்தவர் 2.2 இறங்கினர், போலி ஊசிக்காரர் 4.1 இறங்கினர்; மெய்யூசிக்காரர் 8.2 இறங்கினர்.

இந்த மூன்று எண்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. 8.2-இல் 2.2 ஒன்றும் செய்யாமலே வருவது. அடுத்த 1.9 படுக்கை, கவனிப்பு, நம்பிக்கை இவற்றால் வருவது. எஞ்சிய 4.1-தான் ஊசியின் பங்கு. ஊசிக்கு ஏதோ ஒரு பயன் உண்டென்பதை இங்கே மறுக்க முடியாது. ஆனால் நோயாளி தம் வாழ்க்கையில் உணரத்தக்க வேறுபாடு என்று முன்னரே குறித்து வைத்த அளவை அந்த 4.1 எட்டவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினர். ஊசிக் கூறில் சிலருக்குச் சிறு தொல்லைகளும் நேர்ந்தன. மேலும், குத்துபவருக்குத் தாம் எதைக் குத்துகிறோம் என்பது தெரியும். அவர் முகக்குறி நோயாளிக்கு எட்டாமல் இருந்திருக்குமா? காணாக்கடியில் கிடைத்த இந்தச் சிறு பயனைச் செதில்படைக்கு எடுத்துச் செல்லவும் இடமில்லை. இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

சீனர் வைத்தியம் என்பதால் நாம் இப்படித் துருவுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். நம்முடைய நீரடிமுத்தும் இதே தராசில் ஏறியதுதான். தொழுநோய்க்கு அதன் எண்ணெய் ஒரு காலத்தில் உலகெங்கும் தலையாய மருந்தாக இருந்தது. நம் சிலாங்கூரில் 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பிலும் அதைத்தான் கொடுத்தார்கள். 1940-களில் சல்போன் மருந்துகள் வந்து, அவற்றின் ஆற்றல் சோதனையில் தெளிவானதும் எண்ணெய் ஒதுங்கிவிட்டது. செங்கற்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் காக்ரேன் துரை அம்மருந்துகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். மறுபுறம், பழைய சீன நூலில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட ஒரு பூண்டை மீண்டும் மீண்டும் சோதித்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த டூ யூயூ அம்மையார் 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். பழமை ஒரு மருந்துக்குத் தகுதியுமன்று, குற்றமுமன்று.

நம் நாட்டு அரசாங்கம் 2007 முதல் சில மருத்துவமனைகளில் பாரம்பரிய வைத்தியப் பிரிவுகளை வைத்திருக்கிறது. அங்கே ஊசி குத்துவது பெரும்பாலும் நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்தைய தேறுதலுக்குமே. 2016-இல் இயற்றப்பட்ட 775-ஆம் சட்டம் வைத்தியர் பதிவு பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. பதிவு பெற்றவர் என்பதற்கு, அவர் செய்யும் ஒவ்வொரு வைத்தியமும் பலிக்கும் என்று பொருள் இல்லை. இதைச் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

செதில்படைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொன்றும் உண்டு. இந்நோயுடைய சிலருக்குக் கீறல், குத்து, உராய்வு பட்ட இடத்திலேயே புதிய படை கிளம்பும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் கோப்னர் 1870-களில் இதை எடுத்துக் காட்டினார். அத்தகையவருக்கு ஊசியே ஊறு. ஊசியோடு சேர்த்து, பெயர் ஒட்டாத தூளோ மாத்திரையோ கொடுத்தால் இன்னும் விழிப்பு வேண்டும். பாரம்பரிய மருந்தென்று விற்ற சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறார்கள். அதை உண்ணும்வரை தோல் பளபளக்கும். திடீரென நிறுத்தினால் படை சீழ்க் கொப்புளமாக உடல் முழுதும் வெடிக்கவும் கூடும். உறையில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் உண்டா என்று பார்த்து வாங்குவதில் நமக்கு என்ன நட்டம்?

குலை வெட்டுபவரிடம் இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பள்ளி நாட்காட்டி ஒன்றைக் கொடுத்து, படை மோசமான நாளில் சிவப்புக் கோடு இடுங்கள் என்று மட்டும் கூறினேன். கிளினிக் மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றும் கூறினேன். ஐந்து மாதத்தில் அந்தத் தாளில் சிவப்பு இரண்டுமுறை நிறைந்து இரண்டுமுறை வெளுத்தது. இரண்டாம்முறை வெளுத்தபோது அவர் ஊசியை விட்டு நெடுநாளாகியிருந்தது. அவர் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்போ ஊசி வேலை செய்யலியா, ஐயா?” என்றார். ஒரே ஒருவரின் ஒரு தாளைக் கொண்டு அப்படியும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் சொன்னதொன்று இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் காலையெல்லாம் காத்திருந்து டாக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். சின்சேயோ அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, படை படர்ந்த கையைக் கூச்சமில்லாமல் தொட்டுப் பார்த்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்தாராம். சுவீடன் தேசத்துப் பொய்யூசிக்காரர்கள் தேறியதன் காரணத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். நம் டாக்டர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது சற்று நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.