குடும்ப விளக்கும் அடுக்களையும்

தமிழ்க் காப்பிய மரபில் தலைமை பெற்றோர் பெரும்பாலும் அரசரும் வணிகரும் துறவியருமே ஆவர். பெருங்காப்பியம் தன்னிகரில்லாத் தலைவனை உடையதாய் இருத்தல் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வைகறையில் எழுந்து வாயிலில் கோலமிடும் ஒரு குடும்பத் தலைவியைப் பாட்டின் நடுவில் நிறுத்தியவர் பாவேந்தர் பாரதிதாசன். அவர் இயற்றிய ‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியாகிய ‘ஒருநாள் நிகழ்ச்சி’ 1942ஆம் ஆண்டிலும், ‘விருந்தோம்பல்’ 1944இலும், ‘திருமணம்’ 1948இலும், ‘மக்கட் பேறு’, ‘முதியோர் காதல்’ ஆகிய இரண்டும் 1950இலும் வெளிவந்தன.

இந்நூல் தமிழ் வகுப்புகளிலும் இலக்கிய மேடைகளிலும் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகிறது. ஆயினும், பெரும்பாலும் முதற்பகுதியே எடுத்தாளப்படுகிறது. அதன் பயனாக, ‘நல்ல மனைவி எப்படி இருக்க வேண்டும்’ என்பதற்கு எழுதப்பட்ட பாடநூல் போல இக்காப்பியம் தோற்றம் தருகிறது. அத்தோற்றம் சரியானதுதானா என்பதை அடுக்களையின் வாயிலில் நின்றே ஆராய்தல் வேண்டும். ஒரு பெருங்குடும்பத்தின் அன்றாட வாழ்வையும் அதன் சமையலையும் பாடிய புலவர், அவ்வுழைப்பைப் பற்றி உண்மையில் என்ன கருதினார் என்பதே ஈண்டு எழும் வினா.

மரபில் அடுக்களை

அடுக்களையைப் பாடுதல் தமிழுக்குப் புதியது அன்று. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் இயற்றியது. மணம் முடித்துத் தனிக்குடித்தனம் நடத்தும் தலைவியின் இல்லத்தைக் கண்டுவந்த செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கும் பாடல் அது. தயிர் பிசைந்த விரலைத் தலைவி தன் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அவ்வாடையை மாற்றவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிப்பின் புகை கண்களில் நிறைகிறது. புளிக்குழம்பை உண்ட கணவன் இனிது என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் அவ்வொரு சொல்லே.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி கொடுத்த பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், சாலியரிசி முதலியவற்றைக் கொண்டு கண்ணகி சமைக்கிறாள். மாதரியின் மகள் ஐயை தீ மூட்டித் துணை நிற்கிறாள். காய் அரிந்த விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்கள் சிவக்கின்றன. புகாரின் பெருமனையில் பிறந்து வளர்ந்தவளின் மெய்வருத்தத்தை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. வாழைக் குருத்தில் உணவிட்டு முடித்தபின் கோவலன் தன் பிழையை எண்ணி வருந்துகிறான். கண்ணகியோ, விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாது போனதையும், மாமனும் மாமியும் தன்பொருட்டு உற்ற துயரையும் எடுத்துரைக்கிறாள். அடுக்களை அவளுக்கு வருத்தம் தரும் இடம் மட்டுமன்று; இல்லறத் தலைமையின் அடையாளமும் ஆகும்.

இவ்விரு காட்சிகளிலும் சமைப்பவள் ஒருத்தி, உண்பவன் ஒருவன். மூன்று தலைமுறை ஒரு கூரையின்கீழ் வாழும் இல்லத்தில், நாள்தோறும், ஆண்டுதோறும் நடைபெறும் சமையலைப் பழைய இலக்கியம் விரித்துப் பாடியதில்லை. அங்கே ‘இனிது’ என்று சொல்லவேண்டியவர் ஒருவர் அல்லர்; பலர். பலர் சொல்லவேண்டியதை எவருமே சொல்லாது விடுதலும் உலகியல்பு. அந்த இல்லத்தைக் காப்பியப் பொருளாக்கியதே குடும்ப விளக்கின் முதற்சிறப்பு.

தங்கத்தின் ஒருநாள்

முதற்பகுதியின் தலைவி தங்கம். தலைவன் வணிகனாகிய மணவழகன். கதிரவன் தோன்றுமுன் தங்கம் எழுகிறாள். கோலமிடுதல், பாண்டங்களைத் துலக்குதல், யாழெடுத்து இசைத்தல், அடுப்பு மூட்டுதல், பிள்ளைகளை நீராட்டி உணவூட்டிப் பள்ளிக்கு விடுத்தல் எனக் காலைப்பொழுது விரைந்து செல்கிறது. பின்னர்த் தையல் வேலையும் வீட்டுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் வேலையும் தொடர்கின்றன. வெளியூரிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கும் மாமனையும் மாமியையும் வரவேற்று அவர்கள் நலம் பேணுகிறாள். கணவன் இல்லாத வேளையில் கடையின் வாணிகத்தையும் அவளே கவனிக்கிறாள்.

இவ்வரிசையில் ஓர் உண்மை புலனாகும். பாவேந்தர் சமையலைத் தனியே பிரித்துப் பாடவில்லை. அதனைக் கணக்கு, கைத்தொழில், வாணிகம், இசை, குழந்தைக் கல்வி ஆகியவற்றோடு ஒரே நிரலில் வைக்கிறார். பெருங்குடும்பத்தின் சமையலுக்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது. பல் முளைக்காத குழந்தைக்கு ஆவதும், பல் விழுந்த முதியவருக்கு ஆவதும், வெயிலில் உழைத்து வருவோருக்கு ஆவதும் வெவ்வேறு. எத்தனை பேர் உண்பர், எவர் பிந்தி வருவர், மளிகை எத்தனை நாளைக்கு வரும் என்பவற்றையெல்லாம் ஒரே தலை நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுக்களையை அறிவின் களமாகக் கண்டமையால்தான், அதே கையில் யாழையும் கணக்கையும் கொடுக்கப் புலவருக்கு இயன்றது.

நாள் முடியும் இரவு வேளையில் தங்கம் கணவனிடம் எழுப்பும் வினா மிகவும் புகழ்பெற்றது. தம் குடும்பத்திற்காக அன்று முழுவதும் உழைத்ததைச் சொல்லி, தமிழர்க்கென்று அன்று என்ன செய்தோம் என்று அவள் கேட்கிறாள். நாள் முழுவதும் அடுப்போடும் பிள்ளைகளோடும் இருந்தவள், இரவில் ஓர் இனத்தைப் பற்றிக் கவலை கொள்கிறாள். வீட்டு வேலை பெண்ணின் சிந்தனையை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடும் என்ற கருத்தை இவ்வினா மறுக்கிறது.

இருண்ட வீடு

குடும்ப விளக்கின் ஒளியை அளந்தறிய, அதே புலவரின் ‘இருண்ட வீடு’ துணைபுரியும். 1944இல் வெளிவந்த இந்நூல், கல்வியில்லாத ஒரு குடும்பத்தை நகைச்சுவையாகத் தொடங்கி அவலத்தில் முடிக்கிறது. பொழுது புலர்ந்தும் எழாத தலைவி, பேணப்படாத குழந்தை, ஒழுங்கற்ற வீடு என்று அது விரிகிறது. முன்னதில் ஒவ்வொரு வேலையும் உரிய நேரத்தில் முடிகிறது. பின்னதில் ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெடுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு செல்வமன்று, கல்வி. இதுவே புலவர் நிறுவ விரும்பியது. எனினும், வீடு இருண்டதற்கான பழியில் பெரும்பங்கு தலைவியின் மேலேயே விழுவதைப் படிப்போர் கவனிக்கத் தவறார். பெண்ணைக் கற்கவிடாத சமுதாயத்தை விட, கல்லாத பெண்ணே அங்கு மிகுதியும் நகைப்புக்கு உள்ளாகிறாள்.

ஒரு சட்டத்தை நீக்கல்

முதற்பகுதியோடு நின்றுவிடுவோர்க்குத் தெரியவராத ஒரு குரல் இரண்டாம் பகுதியில் ஒலிக்கிறது. ‘விருந்தோம்பல்’ என்பது அதன் பெயர். விருந்தையும் உபசரிப்பையும் எதிர்பார்த்து நுழைவோரை அங்குப் பெண்கல்வி பற்றிய பேச்சு வரவேற்கிறது. சமையலும் வீட்டு வேலையும் பெண்களுக்கே உரியவை என்று கூறுதல் முறையன்று. அப்பணிகள் தமக்கும் ஏற்றவை என்று ஆடவர் எண்ணும் நாள் வரவேண்டும் என்பது அப்பகுதியின் கருத்து. அதே மூச்சில், சமைத்தல் தாழ்ந்த தொழில் அன்று, உணவு ஆக்குதல் உயிர் ஆக்குதலே என்றும் கூறப்படுகிறது. சமையல் பெண்ணின் தவிர்க்க முடியாத கடமை என்று தமிழ்நாட்டில் நிலவும் எழுதாச் சட்டம் ஒழிய வேண்டும்; அதனை ஒழிக்கும் கருவி பெண்கல்வி என்று அப்பேச்சு முடிகிறது.

இவ்வாதத்தின் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. பெண்விடுதலை பேசுவோர் சிலர், சமையலை இழிந்த தொழிலாகக் காட்டி அதிலிருந்து பெண்ணை மீட்க முயல்வர். மரபு பேசுவோர், சமையலைத் தெய்வத் தொண்டாக உயர்த்தி அதிலேயே பெண்ணை நிறுத்திவிடுவர். பாவேந்தர் இவ்விரு வழியிலும் செல்லவில்லை. தொழிலை உயர்த்துகிறார், அத்தொழிலைப் பிறப்பின்படி ஒருசாரார்க்கு ஒதுக்குவதை மறுக்கிறார். பிறப்பால் தொழில் வகுக்கும் சாதிமுறையைச் சுயமரியாதை இயக்கம் எதிர்த்தது. அவ்வியக்கத்தில் ஊறிய புலவர், அதே அளவுகோலை அடுக்களைக்கும் கொண்டுவருகிறார். சாதியால் ஒருவனுக்குத் தொழில் விதித்தல் தவறாயின், பாலால் ஒருத்திக்குத் தொழில் விதித்தலும் தவறே ஆகும். 1944இல் இதனை ஒரு குடும்பக் காப்பியத்தின் விருந்துப் பகுதியில் வைத்துச் சொன்ன துணிவு பெரிது.

குறை எங்கே?

இவ்வளவு கூறிய புலவரின் மேல் ஒரு குற்றச்சாட்டு எழுதல் இயல்பு. இரண்டாம் பகுதியில் கொள்கையாகச் சொல்லப்பட்டது, முதற்பகுதியில் காட்சியாக ஏன் இல்லை? தங்கத்தின் ஒருநாளில் மணவழகன் அடுப்பங்கரையில் நிற்பதில்லை. தங்கம் கடைக்குச் சென்று கணவனின் தொழிலைச் செய்கிறாள். கணவன் அடுக்களைக்குச் சென்று மனைவியின் தொழிலைச் செய்வதில்லை. மாற்றம் ஒருவழிப் பாதையாகவே நிகழ்கிறது. கண்ணகியின் வியர்வையைக் காட்டிய மரபில் வந்த புலவர், தங்கத்தின் களைப்புக்கு அத்துணை இடம் தரவில்லை. வேலைகளின் வேகமும் ஒழுங்கும் பாட்டுக்கு அழகு தருகின்றன. அவ்வழகே உழைப்பின் சுமையை மறைத்தும் விடுகிறது.

மலாயாத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நாளோடு ஒப்பிட்டால் இக்குறை மேலும் தெளிவாகும். பொழுது விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைத்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டித் திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். தங்கத்தைவிட அவர்கள் உழைப்பில் குறைந்தவர் அல்லர். ஆயினும் லயத்து வீட்டில் யாழுக்கும் தையலுக்கும் பொழுதில்லை. சொந்த வீடும் சொந்தக் கடையும் உள்ள ஒரு வணிகக் குடும்பத்திலேயே தங்கத்தின் ஒழுங்கு இயல்கிறது. இல்லத்தின் ஒளிக்குக் கல்வியோடு ஓய்வும் ஊதியமும் வேண்டும் என்பதைக் காப்பியம் போதிய அளவு சொல்லவில்லை.

அது சொல்லாது விட்டதைப் பிற்காலச் சிறுகதை ஒன்று சொல்லியது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் அதே பெயருடைய தொகுப்பில் வந்தது. ராஜஸ்தானத்துப் பெருங்குடும்பம் ஒன்றில் மருமகளாகச் சென்ற தென்னாட்டுப் பெண் மீனாட்சியின் பார்வையில் அக்கதை நகர்கிறது. வகைவகையாய் உண்டு மகிழும் அவ்வீட்டில் சமையலறை மட்டும் இருண்டும் வசதியற்றும் மூலையில் கிடக்கிறது. அதைச் சீர்செய்யலாம் என்ற மருமகளின் யோசனை எடுபடவில்லை. அங்குள்ள மூத்த பெண்ணுக்கோ, அந்த இருட்டறையின் அதிகாரமே வாழ்வின் பிடிப்பு. கண்ணகி தன் தலைமையின் அடையாளமாகக் கருதிய இடத்தை, ஒரு பெண்ணைச் சுருக்கிவிட்ட இடமாக அம்பை காண்கிறார். பாவேந்தர் சட்டத்தைச் சுட்டினார். அம்பை அச்சட்டம் ஓர் உடலிலும் மனத்திலும் எவ்வாறு படிகிறது என்பதைக் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர்க்கே பெருங்குடும்ப அடுக்களையின் முழு உருவம் கிடைக்கும்.

முதியோர் காதல்

ஆயினும் பாவேந்தர் காப்பியத்தை ஒருநாள் நிகழ்ச்சியோடு முடித்துவிடவில்லை. மகன் வேடப்பனின் திருமணம், மருமகள் நகைமுத்துவின் மக்கட்பேறு எனக் குடும்பம் பெருகி, ஐந்தாம் பகுதியில் தங்கமும் மணவழகனும் முதுமை எய்துகின்றனர். உடல் தளர்ந்த மனைவியை ஏன் இன்னும் விரும்புகிறார் என்ற வினாவுக்குக் கிழவர் தரும் விடையில் அவளது சமையல் இல்லை, சிக்கனம் இல்லை, அழகும் இல்லை. அவள் உயிரோடு உடன் வாழ்கிறாள் என்ற அந்த ஒன்றே போதும் என்பது அவர் மறுமொழி.

முதற்பகுதியில் அவ்வளவு வேலைகளை அடுக்கிய புலவர், இறுதிப் பகுதியில் அத்தனையையும் எடுத்துவிட்டுத் தங்கத்தைத் தனியே நிறுத்துகிறார். அவள் மதிப்பு அவள் செய்த வேலையில் அடங்கவில்லை என்பதே ஐந்து பகுதிகளின் பயணம். அடுத்த தலைமுறையின் அடுக்களைப் பொறுப்பு மருமகளைச் சேர்வதால், சட்டம் இன்னும் முற்றும் நீங்கவில்லை என்பதும் மெய்யே. ஆனால் அச்சட்டம் நிலைக்கத்தக்கதன்று என்ற தீர்ப்பை நூலே தன்னுள் எழுதி வைத்திருக்கிறது.

பாவேந்தர் புதுவையில் நெடுங்காலம் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். வகுப்பறையில் ஒரு பாட்டின் எந்தப் பகுதி சொல்லப்படுகிறது, எந்தப் பகுதி விடப்படுகிறது என்பதன் விளைவை அவர் அறியாதவர் அல்லர். ஒருநாள் நிகழ்ச்சியை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், மாணவியர்க்கு ஒரு வேலைப் பட்டியலைக் கொடுக்கிறார். மாணவர்க்கு அப்பட்டியலிலிருந்து விலக்குக் கொடுக்கிறார். பெண்கல்விப் பகுதியையும் முதியோர் காதலையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான், அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் இருபாலாரும் தம் வீட்டு அடுக்களையை மறுபடியும் பார்க்கத் தொடங்குவர். அங்கு நிற்பவர் யார், எத்தனை மணிக்கு எழுந்தார், எல்லாரும் உண்டபின் அவருக்கு என்ன மிஞ்சியது என்று அவர்கள் கேட்பார்களாயின், குடும்ப விளக்கைப் பாடமாக வைத்ததன் பயன் அதுவே.