திண்ணை இல்லாத கூடங்கள்

எழுத்துகளுக்கெல்லாம் முதல் அகரம். ஊர்ப்பெயரின் காரணம் வேறாக இருப்பினும், தாடிக்கொம்பை அடுத்த அகரத்தின் பெயரைக் கேட்குந்தோறும் ஓதத் தொடங்கும் பிள்ளையே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் அரபுப் பாடம் பயின்ற மாணவியொருத்தி, பட்டம் பெற்றபின் அரசுத் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தாள். நலம் விசாரித்தபோது அவள் சொன்னாள்: "ஹஜ்ரத், புத்தகம் இருக்கிறது, உட்காரத்தான் இடமில்லை." இந்தக் கட்டுரைக்குத் தோற்றுவாய் அச்சொல்லே.

மதுரையில் புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. கட்டடத்தின் பெருமையைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் கருதுவது அதன் உள்ளமைப்பை. மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. படியேற இயலாதவரை முதலில் எண்ணியிருக்கிறார்கள். சிறுவர்க்குத் தனித் தளம் உண்டு. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, வாசகர் தம் சொந்த நூலைக் கொணர்ந்து படிக்கவும் பகுதி ஒதுக்கினர். 'நூல் எங்களுடையதாக இல்லாவிட்டாலும் இடம் உன்னுடையது' என்பதே அதன் பொருள். நம் மாணவி கேட்டது இதைத்தான்.

ஆயினும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். நாள்தோறும் பேருந்துக்குக் காசும், அரை நாளும் யார் தருவார்? பெரிய நூலகம் சிற்றூர்க் கூடத்துக்கு வழிகாட்டலாம். அதன் வேலையைச் செய்ய முடியாது.

வழிகாட்டுதலைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மதீனாவில் கிப்லா ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் மக்காவை நோக்கித் திரும்பியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் பழைய கிப்லாப் பக்கம் பின்புறமாயிற்று. அந்த நிழலிடம் வீடற்ற தோழர்களின் இருப்பிடமும் கல்விக்கூடமும் ஆனது. அதுவே சுஃப்பா, தமிழில் திண்ணை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையின் மாணவர். மேலே பேரீச்ச ஓலைக் கூரை, வேறு அலங்காரமில்லை. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பிற நாட்டு மாணவர்க்கு 'ரிவாக்' எனும் தாழ்வாரங்கள் நாட்டின் பெயராலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. வந்தவன் தன் மூலையை அறிவான். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததன்றோ!

இனி நம் சமுதாயக் கூடங்களைப் பார்ப்போம். நாமறிந்த ஒரு கூடத்தில் தரையெங்கும் சலவைக்கல். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மணமேடைக்குத் தனி விளக்குகள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் மாணவர்க்குத் திறந்துவிடக் கேட்டோம். "தரையில் மை படும்" என்றார்கள். மையை அஞ்சும் தரையில் கல்வி எங்ஙனம் நடக்கும்?

குற்றம் நிர்வாகிகளின் மனத்தில் மட்டுமில்லை. கூடத்தின் அமைப்பிலேயே உண்டு. சலவைக்கல்லும் கண்ணாடியும் ஓசையைத் திருப்பியடிக்கின்றன. அங்கே சீறாப்புராணத்தை விரித்துரைத்தால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லை விழுங்கும். கோரைப்பாயும் துணித்திரையும் அவ்வொலியை அடக்கும். வலக்கையால் எழுதுவோருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வரவேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். மணமேடை விளக்கு மாப்பிள்ளையின் முகத்துக்கு உதவும்; ஏட்டுக்கு உதவாது. பட்டணத்தைப் பார்த்து முகப்பு முழுவதும் கண்ணாடி பதிப்பாரும் உளர். திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில், குளிரூட்டும் வசதியின்றி அது அடுப்பாகிவிடும்.

நாம் கேட்பது மாளிகையன்று. கூடத்தின் வடபுறத்தில் நேர்வெயில் படாத சன்னல்களோடு ஓர் அறை. மேசைதோறும் ஒரு விளக்கு. சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி. பெண்பிள்ளைகள் தயங்காமல் வந்துபோகத் தெருவைப் பார்த்த தனி வாயில். கவிதை வாசிப்பும் பேச்சுப் பயிற்சியும் நடக்க மறுபுறம் ஓரிடம். ஒன்றின் ஓசை மற்றொன்றைக் கெடுக்காதிருக்க நடுவே ஒரு முற்றம். வாசலில் ஒரு திண்ணை; அதில் அமர்வோரை 'என்ன வேலை?' என்று எவரும் கேட்கலாகாது. இவற்றுக்கான செலவு, மணமேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவை மிஞ்சாது என்பது நம் மதிப்பீடு.

பழைய கிப்லாவின் நிழலை வீணாக்காமல் வறியோருக்குத் தந்த மரபு நம்முடையது. பூட்டிய கூடத்தின் நிழல் யாருக்கு? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வாசக அன்பர்கள் இவ்வினாவை எழுப்ப வேண்டுகிறோம். அம்மாணவியின் தேர்வு நாள் நமக்காகக் காத்திராது.